பள்ளிக்கு அனுப்பாமல் படிக்கவைப்பது: தேன்கனிக்கோட்டையில் தொடங்குபவர்களுக்கு

கோடை விடுமுறை நெருங்கும் நாட்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆசிரியர்களும் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களும் வீடு வீடாக வருவார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு அது. வீட்டில் பள்ளி வயதில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். "எங்க பொண்ணு வீட்லயே படிக்கிறா சார்" என்று ஒரு தாய் சொன்னால், அந்தப் பதில் பெரும்பாலும் போய் விழுவது "பள்ளி செல்லாதவர்" என்ற கணக்கில்தான். வீட்டுப் பள்ளியைத் தேர்ந்துகொள்ளும் குடும்பம் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பாடத்திட்டம், புத்தகம், கால அட்டவணை எல்லாம் அடுத்தபடி.

இந்தப் பகுதியில் அந்தக் கேள்வி சற்றுக் கடுமையாகவே வரும். அதற்குக் காரணமும் இருக்கிறது. தளி, கெலமங்கலம், அஞ்செட்டி மலைக்கிராமங்களில் படிப்பை நிறுத்திய பெண் குழந்தைக்கு அடுத்து நடப்பது பல வீடுகளில் கல்யாணம்தான். 2025 மார்ச்சில் அஞ்செட்டியை அடுத்த ஒரு மலைக்கிராமத்தில், ஏழாம் வகுப்போடு படிப்பை விட்ட 14 வயதுச் சிறுமியைக் கட்டாயத் திருமணத்துக்குப் பின் கதறக் கதறத் தூக்கிச் செல்லும் காட்சி மாநிலம் முழுக்கப் பரவியது. பெற்ற தாய் உட்படப் பலர் கைதானார்கள். ஆண் பிள்ளைகள் என்றால் தோட்ட வேலைக்கோ, ஓசூர், பெங்களூரு பக்கம் கடை வேலைக்கோ போய்விடுகிறார்கள். ஆகவே வாசலில் வந்து நின்று கேட்கும் ஆசிரியரைத் தொல்லை என்று நினைக்கக் கூடாது. அவர் கேட்காமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். அவருக்கு நம்பிக்கை தரும்படி காட்ட என்ன இருக்கிறது என்பதே பெற்றோர் தயார் செய்ய வேண்டிய முதல் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது

2002-இல் வந்த 86-ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் 21-ஏ பிரிவைச் சேர்த்தது. அதன்படி இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-இல். 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை. அதன் 10-ஆவது பிரிவு பெற்றோருக்கு ஒரு கடமையை விதிக்கிறது: குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் தொடக்கக் கல்விக்குச் சேர்க்க வேண்டும். ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் அபராதமோ சிறையோ கிடையாது. "வீட்டில் கற்பிக்கலாம்" என்றும் அது சொல்லவில்லை. "கற்பிக்கக் கூடாது" என்றும் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி தரலாம் என்று 7-ஆவது பிரிவில் வெளிப்படையாக வழி விடுகிறது. ஜெர்மனியில் வீட்டுப் பள்ளிக்கு ஏறத்தாழ இடமே இல்லை. இந்தியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வீட்டிலேயே படித்துவந்த ஷ்ரேயா சஹாய் என்ற மாணவி இதைத் தெளிவுபடுத்தச் சொல்லித் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2012-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அங்கே ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் பெற்றோர் அப்படியே தொடரலாம், கல்வி உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கே வராது என்றது அது. குடும்பங்கள் மூச்சுவிட்டன. பிறகு அமைச்சகமே அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. அந்தப் பழைய பத்திரத்தின் நகலை அலுவலகத்தில் நீட்டி வாதாடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், பின்பாதிக் கதையையும் அவருக்குச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று 1994-ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்றும் உண்டு. தொடங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டையும் சேர்த்துக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஒரே ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு மட்டும் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. 2012-இல் செய்த திருத்தத்தின்படி, பல்வகை ஊனமோ கடுமையான ஊனமோ உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமை உண்டு. இங்கே வீட்டுக் கல்வி என்பது எழுதப்பட்ட உரிமை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியாளர்களும் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. பள்ளியில் பெயர் இருக்கும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளம் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண் இருக்கும், பாடம் மட்டும் வீட்டில் நடக்கும். மலைப்பகுதியில் இதை அறியாமலே பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு பத்தியையாவது யாரேனும் படித்துக் காட்டினால் புண்ணியம். கேட்க வேண்டிய இடம் வட்டார வள மையம்.

இன்னொரு வகைக் குடும்பமும் உண்டு. பன்னேர்கட்டா பக்கமிருந்து ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கும் மாதங்களில், காட்டு வழியே நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நிறுத்திவைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து வீட்டுப் பள்ளி ஆகாது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாத ஊருக்கு வாகன வசதியோ உண்டு உறைவிடப் பள்ளியோ கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை. கிராம சபையில் தீர்மானமாகவும் பள்ளி மேலாண்மைக் குழுவில் கோரிக்கையாகவும் அதை எழுத்தில் வைக்க வேண்டும்.

கையைவிட்டுப் போகும் சலுகைகள்

வீட்டுப் பள்ளியைப் பற்றி ஆசையோடு பேசுபவர்கள் இந்தக் கணக்கை அதிகம் சொல்வதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் தொடர்ந்து படிப்பதற்கென்றே சில கதவுகள் திறந்திருக்கின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு அது மறு ஆண்டே விரிந்தது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது அதன் அடிப்படை. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) அந்த 6 முதல் 12 வரையிலான படிப்பையே பார்க்கின்றன. தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட ஒரு தலைமை ஆசிரியர் வேண்டும். வீட்டுப் பள்ளிக்கு அவர் இல்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒரு தம்பதிக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். வீட்டின் முதல் பட்டதாரியாக வரப்போகும் பிள்ளைக்கு இது வாழ்க்கையையே மாற்றும் தொகை, மாற்றும் இடம். அப்படிப்பட்ட வீட்டில் ஆறாம் வகுப்புக்கு முன்னாலேயே பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று இந்நூல் ஒளிவுமறைவின்றிப் பரிந்துரைக்கிறது. வீட்டுப் படிப்பின் நல்ல பலன்களில் பெரும்பகுதி அந்த முதல் சில ஆண்டுகளிலேயே கிடைத்துவிடும்.

டி.சி. வாங்கிய பிறகு

ஏற்கெனவே பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்கும் நாளிலிருந்து நிஜமான வேலை தொடங்கும். கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. பள்ளி டி.சி. கொடுத்ததும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்கு நகரும். ஆசிரியர்கள் பேச்சில் "காமன் பூல்". வேறு பள்ளி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வரை பெயர் அங்கேயே கிடக்கும். சில வாரங்களில் தொலைபேசி மணி அடிக்கும்: "உங்க பையன் காமன் பூல்ல இருக்கான்மா, எந்த ஸ்கூல்ல சேத்தீங்க?" இந்த அழைப்புக்குப் பயந்து எண்ணை மாற்றும் பெற்றோர் தவறான முதல் அடியை வைக்கிறார்கள்.

அழைப்பு வரும் முன்பே ஒரு கடிதம் கொடுத்திருப்பது நல்லது. வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று, பழைய பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு ஒரு நகல். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், வீட்டில் கற்பிப்பவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார், எந்தப் பாடத்திட்டம், எந்த வயதில் எந்தத் தேர்வு எழுதப்போகிறார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதலாம். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பலாம், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கலாம். இது அனுமதிக் கடிதம் ஆகாது. அனுமதி தரும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் சட்டத்தில் எழுதப்படவில்லை. அருகிலுள்ள பள்ளியில் சேர்க்கச் சொல்லி அவர் பதில் எழுதலாம். நேரில் வந்தும் பார்க்கலாம். குழந்தையை யாரும் மறைத்துவைக்கவில்லை என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை சாட்சி. இந்த வட்டாரத்தில் அந்தச் சாட்சிக்கு மதிப்பு அதிகம்.

ஒரு கோப்பும் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, டி.சி., கடைசி வகுப்பின் மதிப்பெண் பட்டியல், கடிதத்தின் ஒப்புகை எல்லாம் முன்பகுதியில். பின்பகுதியில் மாதத்துக்கு ஒரு தாள்: என்ன படித்தார், என்ன எழுதினார், எங்கே போனார். தேதியிட்ட கட்டுரை ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, ஓவியமோ புகைப்படமோ ஒன்று இணைத்தால் போதும். கதவைத் தட்டும் ஆசிரியர் பயிற்றுநர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோப்பைப் புரட்டி, பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பத்தி படிக்கச் சொல்லி, அது தடுமாறாமல் படித்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

வேலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவர் எந்த வேலையிலும் அமர்த்தப்படக் கூடாது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்பது ஒரு விலக்கு. வீட்டுப் பள்ளிப் பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? அதைக் குடும்பமே வகுத்து எழுதிவைக்க வேண்டும். காலை பத்து மணிக்கு அப்பாவின் ரோஜாத் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருக்கும் பத்து வயதுப் பெண்ணை "இது எங்கள் செயல்வழிப் பாடம்" என்று விளக்க முடியாது. விளக்க முயலவும் கூடாது.

ஒரு வீடா, நான்கு வீடுகளா

தனியாகத் தொடங்கும் குடும்பங்கள் சில மாதங்களில் துணை தேடும். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழர் வேண்டும், பெற்றோருக்கு ஓய்வு வேண்டும். வாரம் இருமுறை சேர்ந்து ஏரிக்கரைக்குப் போவதிலோ நூலகத்தில் கூடுவதிலோ சிக்கல் இல்லை. மாதக் கட்டணம் வாங்கி, ஆசிரியர் வைத்து, பெயர்ப்பலகை மாட்டினால் சட்டம் வேறு கண்ணால் பார்க்கும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்; தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. பெற்றோருக்குத் தண்டனை எழுதாத அதே சட்டம் நடத்துபவருக்கு எழுதியிருக்கிறது.

பக்கத்து மாவட்டத்தில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. தர்மபுரி மாவட்டம் நாகர்கூடலில் குடியேறிய மீனாட்சி உமேஷ், தம் பிள்ளைகளின் கல்வியை யோசித்ததில் தொடங்கி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு வளர்த்ததுதான் "புவிதம்" கற்றல் மையம். மண்ணிலும் பண்ணையிலும் கைவேலையிலும் பாடத்தைத் தேடும் இடம் அது. வீட்டில் தொடங்கியது ஊருக்கானதாக வளர்ந்தபோது அமைப்பாகவும் பள்ளியாகவும் அதைப் பொறுப்போடு நடத்த வேண்டிவந்தது. குழுவாகச் செய்ய நினைப்பவர்கள் ஒருமுறை அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்து வரலாம். பெங்களூரு அருகில் இருப்பதால் அங்குள்ள வீட்டுப் பள்ளிக் குடும்பங்களோடும், "ஸ்வசிக்ஷண்" என்ற இந்திய வீட்டுப் பள்ளியாளர் சங்கத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்வது இந்தப் பகுதியாருக்கு எளிது.

நாள் எப்படிப் போகும்

ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் முதல் கேள்வி, பகலில் பிள்ளையோடு யார் இருப்பது என்பதே. பொறுப்பான பெரியவர் ஒருவர் இல்லாத வீட்டில் வீட்டுப் பள்ளி நடக்காது, கைப்பேசிதான் நடக்கும். தாத்தா பாட்டி இருந்து, மாலையில் பெற்றோர் இரண்டு மணி நேரம் ஒழுங்காக உட்கார முடிந்தால் தொடக்க வகுப்புகளுக்குப் போதும்.

பாடநூலுக்குச் செலவே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முதுகெலும்பாக வைத்துக்கொள்வது நல்லது. என்றாவது பள்ளிக்குத் திரும்பினால் பிள்ளை திணறாது. அதைச் சுற்றிச் சேர்க்க இந்த மண்ணில் குறைவே இல்லை. பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். மல்லசந்திரத்தில் குன்றின் மேல் கல்திட்டைகள் நிற்கின்றன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். ராயக்கோட்டை தக்காளிச் சந்தைக்கு ஒருநாள் அழைத்துப் போனால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு முழுக்க அங்கேயே கிடைக்கும்: 25 கிலோ கிரேட் 400 ரூபாய்க்குப் போனால் கிலோ என்ன விலை, 10 சதவீதக் கமிஷன் போனால் விவசாயி கையில் எவ்வளவு, வண்டி வாடகை கிரேட்டுக்கு 20 என்றால் மிச்சம் என்ன? விடை 340 என்று போட்ட பிள்ளை அடுத்து தானாகக் கேட்கும், "அப்போ செடிக்கும் மருந்துக்கும் செலவு பண்ணினது?" அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த வாரப் பாடம் தொடங்கும்.

மொழியில் மட்டும் கவனம் தேவை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கடையில் தமிழ், பக்கத்து வீட்டில் உருது என்று நான்கு மொழி காதில் விழும் ஊர் தேன்கனிக்கோட்டை. பேச்சுக்கு அது பெரும் செல்வம். தேர்வுக்கு எழுத்து வேண்டும். தமிழகத் தேர்வுத் துறையின் தேர்வுகளில் தமிழ்த் தாள் உண்டு. தெலுங்கு, கன்னட வீட்டுப் பிள்ளைகள் தமிழை எழுதிப் பழகுவதைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டால் அப்போது திணற வேண்டியிருக்கும்.

தேர்வுகள்

தனித்தேர்வர் வழி பலருக்குத் தெரிவதில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்காக எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து தாள். நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் பதினான்கரை வயது வேண்டும். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழக்கக் கூடாது. அறிவிப்புகள் செய்தித்தாளில் வரும். விண்ணப்பம் அரசு சொல்லும் சேவை மையங்களில்.

இரண்டாவது வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். 1989-இல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு. பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் 14 வயதில் சேரலாம். ஐந்து பாடங்களைப் பெரிய பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளலாம், பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். சேர்க்கை அதன் இணையதளத்தில் நேரடியாக நடக்கிறது. "பத்தும் பன்னிரண்டும் மூன்றே மாதத்தில், நூறு சதவீதத் தேர்ச்சி" என்று பலகை வைத்திருக்கும் இடைத்தரகரிடம் பணமும் அசல் சான்றிதழும் கொடுக்கத் தேவையே இல்லை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் எழுதலாமா என்பது நெடுநாள் வழக்கு. தடையைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் நீக்கியது, 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. மாநில அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழின் இணைத்தன்மை என்ன என்பதை மட்டும் சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள அரசாணையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சான்றிதழே வேண்டாம் என்ற துணிச்சலுக்கும் ஓர் உதாரணம் உண்டு. மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷியை ஏழாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்கவைத்தார் அவர் தாய். சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் பெற்ற அந்தப் பெண்ணுக்கு 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இடம் தந்தது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.க்கு அவர் போக முடியவில்லை. இந்தியாவில் அவர் திறமையை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டது சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம். இந்தக் கதையை மேற்கோள் காட்டும் பெற்றோர் மூன்று பதக்கங்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்குப் பத்தும் பன்னிரண்டும் எழுதிவைப்பதே காப்பு.

நடுவில் மனம் மாறினால்? கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இதற்குத்தான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டியது பள்ளியின் பொறுப்பு. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை, கல்வியாண்டின் நடுப்பகுதி என்று எந்தக் காரணமும் சொல்லி அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. சேர்ந்த நாளில் தலைமை ஆசிரியர் பழைய எமிஸ் எண்ணைத் தட்டி, காமன் பூலிலிருந்து பெயரை இழுத்துக்கொள்வார். அதனால் அந்த எண்ணைக் கோப்பின் முதல் தாளிலேயே பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.